நிழலால் பயமுறுத்திய மனிதர்

பேய்ப்படம் என்றால் எங்கட பிள்ளைகளுக்கு இரத்தமும் கூச்சலும்தான். போன மாரியில் மகளைப் பக்கத்தில் இருத்தி, நூறு வருஷத்துக்கு முந்திய ஊமைப்படம் ஒன்றைக் காட்டினேன். முதலில் சிரித்தாள். மாடிப்படியில் அந்த நிழல் ஏறேக்க என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் படத்தை எடுத்த முர்னாவ் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன்.

1888 டிசம்பர் 28இல் ஜேர்மனியின் பீலபெல்ட் நகரில் பிறந்தவர். குடும்பப் பெயர் பிளும்ப. தெற்கே பவேரியாவில் உள்ள முர்னாவ் என்ற ஊரின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டார். முதலாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தார். 1917இல் அவரது விமானம் சுவிசில் இறங்க, அங்கே தடுத்து வைக்கப்பட்டார். அங்கும் சும்மா இருக்கவில்லை, நாடகம் போட்டார்.

அவருடைய 'நொஸ்பெராத்து' 1922 மார்ச் 4இல் பேர்லினில் திரையிடப்பட்டது. டிராகுலா கதைதான். உரிமை வாங்காமல், பெயர்களை மாற்றி எடுத்தார்கள். அதற்கு முன் 1920இல் வந்த 'கலிகாரி' படத்தில் கோணல் வீடுகளையும் தெருக்களையும் வர்ணத்தால் கீறி வைத்துப் பயம் காட்டினார்கள். முர்னாவோ கமராவை வெளியே கொண்டுபோனார். வீஸ்மார், லூபெக் நகரங்களிலும், இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள ஓராவா கோட்டையிலும் படம் பிடித்தார். நாங்கள் நடக்கிற மாதிரித் தெருவில் பேய் வந்தால்தானே பயம்!

காட்டுப் பாதையில் வண்டி ஓடும்போது நெகட்டிவ்வையே காட்டினார்: மரங்கள் வெள்ளை, வானம் கறுப்பு. கப்பலில் கமரா கீழேயிருந்து மேலே பார்க்கும். பேய் பாய்மரக் கயிறுகளுக்கிடையே பனை உயரத்துக்கு நிற்கும். கடைசியில் காலை வெயில் பட்டுக் கரைந்து போகும். மூலக்கதையில் வெயில் டிராகுலாவைக் கொல்லாது. சினிமாப் பேய்களுக்கு அந்தச் சாவைக் கொடுத்தது இந்தப் படம்தான்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிது அந்த நிழல். படியில் ஆளைக் காணோம். கூனல் முதுகும் நீண்ட நகங்களும் சுவரில் மட்டும் ஏறுகின்றன. விளக்கு பதிவாகவும் கிட்டவும் இருந்தால் நிழல் ஆளைவிடப் பெருக்கும். இது எனக்குப் புதிதல்ல. கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கு நிலத்தில் எரிய, வாசலில் வந்தவரின் நிழல் முகடு வரை எழும்பும். வந்தது அப்பாவா, வேறு ஆரேனுமா என்று தெரியாத அந்த நேரம்தான் நெஞ்சு இடிக்கும். ஆளைக் கண்டால் பாதிப் பயம் போய்விடும். முர்னாவ் அந்த ஆளைக் காட்டவில்லை. இதை அன்றுதான் முதன்முதலாக மகளுக்குச் சொன்னேன்.

டிராகுலாவை எழுதிய ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி தீர்ப்பு வந்தது. அதற்குள் சில பிரதிகள் எல்லை தாண்டிவிட்டன. அதனால்தான் படம் தப்பியது.

முர்னாவும் பிறகு அமெரிக்கா போனார். 1927இல் அங்கு எடுத்த 'சன்ரைஸ்' முதலாவது ஒஸ்கார் விழாவில் பரிசு பெற்றது. 1931 மார்ச்சில் கலிபோர்னியாவில் கார் விபத்தில் காயப்பட்டு, 11ஆம் திகதி இறந்தார். வயது 42. அவரது கடைசிப் படம் 'தாபு' ஒரு கிழமை கழித்துத்தான் திரைக்கு வந்தது. உடல் பேர்லினுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அன்றிரவு விறாந்தை லைட்டை நூர்க்க வேண்டாம் என்று மகள் சொன்னாள். நானும் நூர்க்கவில்லை.