ரெண்டு தரப்பும் சொந்தம் கொண்டாடிய கோல்கீப்பர்

லா லிகா பாக்குறவங்களுக்கு இந்தப் பேர் புதுசு இல்லை. ஒவ்வொரு சீசன் முடியும்போதும் 'சமோரா டிராபி' யாருக்குன்னு ஒரு செய்தி வரும். ஒப்லாக், கூர்துவா, டெர் ஸ்டேகன் எல்லாம் கையில வெச்சுக்கிட்டு போஸ் கொடுத்திருக்காங்க. கணக்கு ரொம்ப சிம்பிள். வாங்கின கோல்களை ஆடின மேட்ச்சால வகுங்க, யாருக்குக் கம்மியா வருதோ அவருக்கு விருது. 1958-ல் மார்கா என்ற ஸ்பானிஷ் விளையாட்டுப் பத்திரிகை ஆரம்பிச்சது.

சரி, அந்த சமோரா யாரு? கேட்டா முக்கால்வாசிப் பேர் யாரோ பழைய கோல்கீப்பர்னு சொல்லி முடிச்சிடுவாங்க. அவ்வளவுதான்னு நீங்களும் நினைச்சா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ரிக்கார்டோ சமோரா பிறந்தது 1901 ஜனவரி 21, பார்சிலோனாவில். அப்பா டாக்டர். டாக்டர் அப்பா பையனை என்ன படிக்கச் சொல்வார்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பையன் 15 வயசுலேயே எஸ்பான்யோல் கிளப்பில் கோல் போஸ்ட்டுக்கு நடுவில் நின்றுவிட்டான். 1919-ல் கிளப் நிர்வாகத்தோடு தகராறு. இதுதான் சமயம்னு வீட்டில் மறுபடியும் மருத்துவப் படிப்புப் பக்கம் இழுத்தார்கள். ஆனால் அதே ஊரின் எதிரி கிளப்பான பார்சிலோனா கூப்பிட்டது, போய்விட்டார். அதோடு டாக்டர் கனவு முடிந்தது. (அப்பா என்ன சொன்னார்னு வரலாற்றில் இல்லை. நீங்களே யூகிச்சுக்கலாம்.)

1920-ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸ். ஸ்பெயின் தேசிய அணி ஆடிய முதல் சர்வதேச மேட்ச்சே அங்கேதான். டென்மார்க்கை 1-0 என்று ஜெயித்தார்கள், கோல் போஸ்ட்டில் 19 வயசு சமோரா. வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள். நம்ம ஆள் இடையில் இத்தாலிக்கு எதிரான மேட்ச்சில் எதிராளியைக் குத்திவிட்டு வெளியே அனுப்பப்பட்டார் என்பதும், ஊருக்குத் திரும்பும் வழியில் ஹவானா சுருட்டு கடத்தியதற்காகப் பிடிபட்டார் என்பதும் அதே பயணத்தின் கதைகள். இதையும் சேர்த்துச் சொல்லக் காரணம், இவரைப் பத்தி எழுதுறவங்க பாதிப்பேர் இவரை சாமியாராக்கிடுறாங்க. புகையும் கொன்யாக்கும் கடைசி வரைக்கும் கூடவே இருந்த மனுஷன் இவர்.

ஆனால் போஸ்ட்டுக்கு நடுவில் நின்றால் வேற ஆள். தலையில் தட்டைத் தொப்பி, கழுத்தை மூடிய ஸ்வெட்டர். அந்தக் காலத்து கோல்கீப்பர்கள் பலர் அந்த டிரெஸ்ஸை அப்படியே காப்பி அடித்தார்கள். பந்தைக் கையால் பிடிக்க முடியாத நெருக்கடியில் முழங்கையாலும் முன்கையாலும் அடித்து வெளியே தள்ளுவார். அதற்கு 'சமோரானா' என்றே பேர் வந்தது. ரசிகர்கள் வைத்த பேர் 'எல் டிவினோ', அதாவது தெய்வீகமானவர்.

1929 மே 15, மாட்ரிட், மெட்ரோபோலிட்டானோ மைதானம். இந்த மைதானத்தோட பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் வரும். எதிரே இங்கிலாந்து. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இருந்து யாரும் அதுவரை அவர்களைத் தோற்கடித்ததில்லை. 0-2 என்று பின்தங்கிய ஸ்பெயின் கடைசியில் 4-3 என்று ஜெயித்தது. மார்பெலும்பு முறிந்த நிலையில் சமோரா ஆடினார் என்று சொல்வார்கள்.

இங்கிலாந்துக்காரங்க சும்மா விடுவாங்களா? 1931 டிசம்பர் 9, லண்டன், ஹைபரி மைதானம். உலகத்தின் சிறந்த கோல்கீப்பர் வர்றாருன்னு ஏகப்பட்ட விளம்பரம். ரிசல்ட் 7-1. ஸ்பெயினுக்காக அவர் மொத்தம் ஆடியது 46 மேட்ச், வாங்கியது 42 கோல். மேட்ச்சுக்கு ஒண்ணுகூட இல்லை. அந்த 42-ல் ஆறில் ஒரு பங்கு ஒரே மதியத்தில் வாங்கியது. எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் ஒரு ஹைபரி இருக்கும்போல.

அதற்கு முன் 1930-லேயே, ஸ்பெயின் அதுவரை கேட்டிராத தொகைக்கு ரியல் மாட்ரிட் அவரை வாங்கியிருந்தது. 1931-ல் மன்னராட்சி போய்க் குடியரசு வந்ததும் கிளப் பேரிலிருந்த 'ரியல்', அதாவது 'அரச' என்ற சொல், எடுக்கப்பட்டு வெறும் மாட்ரிட் ஆனது. அந்த வெறும் மாட்ரிட் 1931-32 லீக்கில் 18 மேட்ச்சில் ஒன்றில்கூடத் தோற்காமல் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. வாங்கிய கோல் 15 மட்டும். அடுத்த வருஷமும் பட்டம். 1934 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக ஒரு பெனால்டியைத் தடுத்தார். அதை அடித்தவர் வால்டெமார் டி பிரிட்டோ. பல வருஷம் கழிச்சு ஒரு சின்னப் பையனைக் கண்டுபிடிச்சு சான்டோஸ் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போனாரே, அவரேதான். அந்தப் பையன் பீலே. அடுத்து ஃபுளோரன்ஸில் இத்தாலியோடு 1-1 டிரா. அந்த முரட்டு ஆட்டத்தில் சமோராவுக்கு அடி. மறுநாளே நடந்த மறு ஆட்டத்தில் அவர் இல்லை, ஸ்பெயின் 0-1 என்று வெளியேறியது. அதே ஆண்டு குடியரசுத் தலைவர் அல்காலா-சமோரா தன் பெயரைப் பாதி கொண்ட இவருக்குக் குடியரசின் விருதைக் கொடுத்தார். இந்த விருதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்போ 1936 ஜூன் 21-க்கு வருவோம். வலென்சியா, மெஸ்தாயா மைதானம், கோப்பை இறுதிப் போட்டி. மாட்ரிட்டும் பார்சிலோனாவும். மாட்ரிட் 2-1 என்று முன்னிலை, ஆனால் களத்தில் பத்தே பேர். கடைசி நிமிஷத்தில் பார்சிலோனாவின் எஸ்கோலா மிக அருகிலிருந்து தரையோடு ஒரு ஷாட் அடிக்கிறார். சமோரா பாய்கிறார். புல் காய்ந்து போன தரை, போஸ்ட் பக்கம் ஒரே புழுதி. பந்து உள்ளே போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். புழுதி அடங்கியபோது அவர் நிற்கிறார், பந்து அவர் கையில். அந்தக் கணத்தின் போட்டோ ஒன்று இருக்கிறது, தேடிப் பாருங்க. ஸ்பெயின் மண்ணில் கோல்கீப்பராக அவர் ஆடிய கடைசிப் பெரிய மேட்ச் அதுதான்.

ஏன்னா நாலு வாரத்தில் நாடே ரெண்டா உடைஞ்சது. ஜூலை 17-18-ல் பிராங்கோ உள்ளிட்ட ராணுவத் தளபதிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசு அரசுக்கு எதிராகக் கிளம்பினார்கள். மாட்ரிட் குடியரசுத் தரப்பின் கையில். தெருக்களில் இடதுசாரி ஆயுதக் குழுக்கள். சமோரா கத்தோலிக்கர், 'யா' என்ற வலதுசாரி கத்தோலிக்கப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர். அது போதுமானதாக இருந்தது. பிடித்து மொதேலோ சிறையில் போட்டார்கள். குடியரசின் விருது வாங்கினவரைக் குடியரசின் பேரிலேயே பிடிச்சு உள்ளே போட்டாங்க, பாருங்க.

எதிர்த் தரப்பு என்ன செய்தது? சமோராவைச் சிவப்பர்கள் கொன்றுவிட்டார்கள் என்று அவர்களது பத்திரிகைகள் செய்தி போட்டன. உயிரோட இருக்கும்போதே தியாகி. ஒரு தரப்புக்கு அவர் கைதி, இன்னொரு தரப்புக்குப் பிரசார போஸ்டர். சிறைக் காவலர்களோடு கால்பந்து பேசியும் ஆடியும் காட்டியதால்தான் உயிர் தப்பினார் என்று ஒரு கதை உண்டு. அது எந்த அளவுக்கு உண்மையோ, ஆனால் ஆபத்து கதை இல்லை. அந்த நவம்பரில் மாட்ரிட் சிறைகளிலிருந்து, மொதேலோவும் அதில் சேர்த்தி, கைதிகளைக் கூட்டம் கூட்டமாகப் பரக்குயேயோஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் வெளியே வந்ததில் ஒரு கவிஞருக்குப் பங்கு உண்டு. பேர் பெத்ரோ லூயிஸ் டி கால்வெஸ். சானெட் எழுதுவார், கையில் காசு நிக்காது, மதுக்கடைகளில் காலம் தள்ளிய ஆள். போர் வந்ததும் குடியரசுத் தரப்பு ஆயுதக் குழுக்களோடு சேர்ந்துகொண்டார். சமோரா தன் நண்பர், அவரை யாரும் தொடக்கூடாது என்று அவர்கள் முன்னால் நின்று சொன்னார் என்கிறார்கள். பிறகு அர்ஜென்டினா தூதரகத்தின் உதவியோடு சமோரா பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே நீஸ் கிளப்பில் பழைய பார்சிலோனா நண்பர் சாமிட்டியேர் இருந்தார். சேர்ந்து ஆடினார்கள். கோச் வேலையையும் சமோரா முதலில் தொட்டது அங்கேதான்.

1939-ல் போர் முடிந்தது, பிராங்கோ ஜெயித்தார். இனி நம்ம ஆள் மேனேஜர்.

அத்லெடிகோ மாட்ரிட்டின் நிலைமையை அப்போ நீங்க பாத்திருக்கணும். போருக்கு முந்தைய கடைசி சீசனில் முதல் டிவிஷனிலிருந்து இறங்கிப்போன டீம். பல ஆட்டக்காரர்களைப் போர் விழுங்கிவிட்டது. கஜானாவில் கடன். மெட்ரோபோலிட்டானோ, அதாவது 1929-ல் இங்கிலாந்தை ஜெயித்த அதே மைதானம், போரில் சிதைந்து கிடந்தது. இன்னொரு பக்கம் போர்க்காலத்தில் விமானப்படைக்காரர்கள் தொடங்கிய அவியாசியோன் நாசியோனால் என்ற டீம். அதில் ஆட்கள் இருந்தார்கள், லீக்கில் இடம் இல்லை. ரெண்டையும் இணைத்து அத்லெடிகோ அவியாசியோன் என்று பேர் வைத்து, மேனேஜராக சமோராவைக் கூப்பிட்டார்கள். ஒவியேதோ கிளப்பின் மைதானம் போரில் நாசமாகி அது அந்த சீசன் ஆட முடியாமல் போகவே, முதல் டிவிஷனில் ஒரு இடம் காலி. அதற்காக ஒசாசுனாவோடு ஒரு மேட்ச். 3-1 என்று ஜெயித்து உள்ளே வந்தார்கள்.

அப்படி, வேறொரு கிளப்பின் காலி இடத்தில் நுழைந்த டீம், 1939-40 லீக் பட்டத்தை வென்றது. 22 மேட்ச், 29 புள்ளி. இரண்டாம் இடம் செவியா, 28. அத்லெடிகோவுக்கு அதுதான் முதல் லீக் பட்டம். அடுத்த சீசனும் பட்டம்.

விமானப்படையோட டீம், அதனால ஜெயிச்சாங்கன்னு ஒரு வாதம் உண்டு. அதை அப்படியே தள்ளிவிட முடியாது. ரொட்டிக்கே வரிசையில் நின்ற நாட்டில் படையின் ஆதரவு என்பது சும்மா இல்லை. ஆனால் ஆதரவு இருந்தும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்தான் என்பதையும் பாருங்க. அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது? தபாலெஸ், மேசா, அபரிசியோ. ஒரு கோல்கீப்பர், ரெண்டு டிஃபென்டர். அந்தக் காலத்து அத்லெடிகோ ரசிகர்கள் மூச்சு விடாமல் ஒப்பித்த வரிசை இதுதான். இருபது வருஷம் போஸ்ட்டில் நின்று, தன் முன்னால் ஆடும் அத்தனை பேரையும் பார்த்தவன் டீம் கட்டினால் பின்பக்கத்திலிருந்து கட்டுவான் என்பது என் கணிப்பு. முன்னால் ஆடுகிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. கோல்கீப்பருக்குத் தெரியாதது தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வலை மட்டும்தான்.

அந்த முதல் பட்டம் உறுதியானது 1940 ஏப்ரல் கடைசியில். அதே ஏப்ரலின் கடைசி நாளில், அதே மாட்ரிட்டில், கவிஞர் கால்வெஸ் புது ஆட்சியின் துப்பாக்கிப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் காப்பாற்றிய ஆள் அந்த ஆட்சியின் விமானப்படைப் பேரைத் தாங்கிய டீமுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்து சில நாள்கூட ஆகியிருக்காது. சமோராவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் இதைச் சொல்லவில்லை. 1940 மாட்ரிட்டில் ஒரு கால்பந்து மேனேஜர் என்ன செய்திருக்க முடியும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் அந்த ரெண்டு செய்தியையும் தனித்தனியா வாசிக்க எனக்கு மனசு வரலை.

அதற்குப் பிறகு மேனேஜர் வாழ்க்கை நீளமானது, ஆனால் அந்த உயரத்தைத் திரும்பத் தொடவில்லை. 1946 வரை அத்லெடிகோ. பிறகு செல்டா வீகோ. 1947-48-ல் அந்தச் சின்ன கிளப்பை லீக்கில் நாலாவது இடத்துக்கும் கோப்பை இறுதிக்கும் கொண்டுபோனார். இறுதியில் செவியாவிடம் 4-1 தோல்வி. என்னைக் கேட்டால் படைப் பின்னணி எதுவும் இல்லாத இந்த செல்டா சீசன்தான் மேனேஜர் சமோராவுக்குச் சரியான மார்க்‌ஷீட். அப்புறம் மலாகா. 1952-ல் தேசிய அணிக்கு ரெண்டே மேட்ச் மேனேஜர். அயர்லாந்தை 6-0, துருக்கியோடு 0-0. ரெண்டிலும் எதிராளிக்கு கோல் இல்லை. கடைசியில், 15 வயசில் ஆரம்பித்த அதே எஸ்பான்யோலுக்கும் பயிற்சி கொடுத்தார்.

1934-ல் குடியரசு விருது கொடுத்தது ஞாபகம் இருக்கா? 1950-களில் பிராங்கோ ஆட்சியும் அவருக்கு ஒரு பெரிய பதக்கம் கொடுத்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டார். மகனும் அதே பேரோடு கோல்கீப்பர் ஆனார், லீக்கில் ஆடினார்.

ரிக்கார்டோ சமோரா 1978 செப்டம்பர் 8 அன்று பார்சிலோனாவில் இறந்தார். வயசு 77. பிராங்கோ இறந்து கிட்டத்தட்ட மூணு வருஷம் ஆகியிருந்தது. ஸ்பெயினின் புது ஜனநாயக அரசியல் சட்டம் வாக்கெடுப்புக்கு வர இன்னும் மூணு மாசம் இருந்தது.