நெல்லை வெயிலில் பாட்டில் பீர் புளிக்காமல் இருப்பது எப்படி? விடை தந்த லூயி பாஸ்டர் யார்?

நெல்லைப் பக்கம் பனையேறுபவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இறக்குவது பதநீர். தடவாமல் விட்டால் மரத்திலேயே நுரைத்துக் கள்ளாகிவிடும், ஓரிரு நாளில் காடியாய்ப் புளித்தும் போகும். ஆனால் அதே வெயிலில் பாட்டில் பீர் மாதக்கணக்கில் புளிக்காமல் இருக்கிறதே, எப்படி? அதற்குக் காரணமானவர் லூயி பாஸ்டர்.

யார் இவர்?

1822 டிசம்பர் 27-ம் தேதி பிரான்ஸின் டோல் நகரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் தொழில் செய்தவர். பாஸ்டர் டாக்டர் இல்லை, வேதியியல் படித்தவர்.

1856-ல் லீல் நகரில் பேராசிரியராக இருந்தபோது, பீட்ரூட்டில் இருந்து சாராயம் எடுக்கும் ஆலைக்காரர் ஒருவர் சரக்கு கெட்டுப்போகிறதே என்று உதவி கேட்டு வந்தார். பாஸ்டர் நுண்ணோக்கியில் பார்த்தார். நல்ல சாற்றில் உருண்டை உருண்டையாக யீஸ்ட், கெட்டதில் குச்சி போன்ற வேறு கிருமிகள். நுரைப்பதும் புளிப்பதும் உயிருள்ள கிருமிகளின் வேலைதான் என்று நிரூபித்தார்.

பீருக்குள் வந்தது எப்படி?

1868-ல் பக்கவாதம் தாக்கி அவரது இடது பக்கம் செயலிழந்தது. அடுத்து 1870-ல் ஜெர்மானியர்களுடன் போர், பிரான்ஸ் தோற்றது. பான் பல்கலைக்கழகம் தந்த கௌரவப் பட்டத்தையே திருப்பி அனுப்பினார். ஜெர்மன் பீரை மிஞ்சும் பீர் பிரான்ஸில் வர வேண்டும் என்று ஆராய்ச்சியில் இறங்கினார். 1871-ல் லண்டன் ஆலை ஒன்றில், அவர்களின் யீஸ்ட்டில் வேண்டாத கிருமி கலந்திருப்பதைக் காட்டிக்கொடுத்தார். 1876-ல் பீர் பற்றிய நூல் வெளியானது. 50 முதல் 55 டிகிரி வரை சூடாக்கினால் போதும், கெடுக்கும் கிருமிகள் அடங்கிவிடும். அதுதான் இன்று பால் பாக்கெட் வரை வந்திருக்கும் 'பாஸ்சரைசேஷன்'.

அப்போ வீட்டில் வைத்துப் பழசாக்கலாமா?

இங்கதான் பலர் தப்பு பண்றாங்க. சூடாக்குவது கிருமியைத்தான் நிறுத்தும், வெயிலை அல்ல. பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன், 38, 40 டிகிரி வெப்பத்தில் வேகமாக வேலை செய்து, பீருக்கு ஈர அட்டை போன்ற ருசியைக் கொண்டுவந்துவிடும். வெளிச்சம் பட்டால் நாற்றமும் சேரும். பழசாகி ருசி கூடுவது ஆல்கஹால் அதிகமுள்ள சில ரகங்கள்தான், அதுவும் குளிர்ந்த நிலவறையில். சாதாரண பீரை ஃப்ரிட்ஜில், நிமிர்த்தி வைத்து, தேதிக்குள் முடிப்பதே சரி.

பீரோடு நிற்கவில்லை

பாஸ்டரின் ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் சிறுவயதிலேயே இறந்தனர், இருவரைக் கொன்றது டைபாய்டு. பானத்தைக் கெடுப்பது கிருமி என்றால், மனிதனைக் கொல்வதும் கிருமிதானே? அந்தக் கேள்விதான் 1885-ல் வெறிநாய்க்கடி தடுப்பூசி வரை அவரைக் கொண்டுசென்றது. 1895 செப்டம்பர் 28-ம் தேதி மறைந்தார். 1907-ல் நம்ம குன்னூரில் தொடங்கிய வெறிநாய்க்கடி மருந்து நிலையம் இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு)