தாமஸ் பெக்கெட்

இங்கிலாந்து தேசத்துக் காண்டர்பரிப் பேராலயத்தில், கி. பி. 1170ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29ஆம் நாள் மாலை நிகழ்ந்த கொலையொன்று கிறிஸ்தவ ஐரோப்பா முழுவதையும் நடுங்கச் செய்தது. அதனைப் பொருளாகக் கொண்டு டி. எஸ். எலியட் என்னும் கவிஞர் இயற்றிய செய்யுள் நாடகம் 1935ஆம் ஆண்டில் அப்பேராலயத்தைச் சார்ந்த மண்டபத்திலேயே முதன்முதல் நடிக்கப்பெற்றது. அந்நாடகத் தலைவரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தாமஸ் பெக்கெட் இலண்டன் மாநகரில் நார்மானிய வமிசத்து வர்த்தகர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். காண்டர்பரிப் பிரதம அத்தியட்சராகிய தியோபால்டின் இல்லத்திற் பணிபுரிந்து, பின்னர் பொலோஞா நகரில் சட்டம் பயின்றார். 1154இல் முடிசூடிய இரண்டாம் ஹென்றி அரசர், தியோபால்டின் சிபார்சின்பேரில், இவரைத் தமக்குச் சான்சலர் என்னும் மந்திரியாக்கினார். அரசரும் மந்திரியும் இணைபிரியாத் தோழராயினர். மந்திரியின் ஆடம்பரமோ யாவரும் வியக்கத்தக்கதாயிருந்தது. 1159இல் தூலூஸ் நகரின்மேற் சென்ற படையிலும் அவர் கவசம் பூண்டு நின்றார்.

தியோபால்ட் காலஞ்சென்றபின், திருச்சபையும் தம் வசமாகுமென்று கருதிய அரசர் 1162இல் தம் தோழரையே அப்பீடத்தில் ஏற்றுவித்தார். ஆயின் நிகழ்ந்தது வேறு. பெக்கெட் மந்திரிப் பதவியைத் துறந்து, திருச்சபையின் உரிமைகளுக்குக் காவலராயினார். குற்றஞ்செய்த குருமாரைத் தண்டிப்பது அரசர் மன்றமோ, சபையின் மன்றமோ என்பதே பெரும் பிணக்காயிற்று. 1164 ஜனவரியில் கிளாரெண்டன் என்னுமிடத்தில் அரசர் விதித்த 16 பிரமாணங்களுக்கு அவர் முதலில் வாயால் உடன்பட்டார். பின்னர் அதற்காக வருந்தித் தம்மைத் தாமே தண்டித்து, பூசை நிறைவேற்றாதிருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் நார்த்தாம்ப்டன் சபையில் விசாரிக்கப்பட்டபோது, இரவில் தப்பிப் பிரான்சு தேசஞ் சேர்ந்து, ஆறாண்டுகள் அந்நிய நாட்டில் வாழ்ந்தார்.

1170 ஜூலையில் அரசரும் அவரும் ஒருவாறு சமாதானமாயினர். ஆயினும், காண்டர்பரிக்குரிய உரிமையை மீறி இளவரசருக்கு முடிசூட்டிய அத்தியட்சர்களை அவர் மன்னித்தாரல்லர். சபைப் பிரஷ்டம் முதலிய தண்டனைகளை விதித்தே டிசம்பரில் தாயகம் மீண்டார். எளிய ஜனங்கள் மகிழ்ந்து எதிர்கொண்டனர். நார்மண்டியிலிருந்த அரசர் செய்தி கேட்டுச் சினந்து கூறிய மொழிகளை ஆணையெனக் கொண்ட வீரர் நால்வர் கடல் கடந்து வந்தனர். துறவிகள் ஆலயக் கதவை அடைத்தனர். தேவாலயம் கோட்டையாகலாகாதென்று அவர் அதனைத் திறப்பித்தார். தடுத்த எட்வர்ட் கிரிம் என்னும் குருவின் கரம் வாளால் காயமுற்றது. பெக்கெட் அவ்விடத்திலேயே வெட்டுண்டு மாண்டார். அவருடைய உடைகளின் உள்ளே முரட்டு மயிர்ச்சட்டை இருக்கக் கண்டு துறவிகள் கண்ணீருகுத்தனர்.

1173இல் போப்பாண்டவர் அவரைப் பரிசுத்தவானென அறிவித்தார். மறுவருடம் அரசரே வெறுங்காலுடன் அக்கல்லறைக்குச் சென்று கசையடி பெற்றார். அச்சமாதியை 1538இல் எட்டாம் ஹென்றி இடிப்பித்தார்.

குருவாயினும் குற்றவாளி பொதுச் சட்டத்திற்கு உட்படவேண்டுமென்ற அரசர் கொள்கையே இன்று நமக்கு நியாயமாய்த் தோன்றும். அங்ஙனமாயின் பெக்கெட்டின் பெருமை யாதோ? எலியட் தம் நாடகத்தில் சோதனைக்காரர் நால்வரை அவர்முன் நிறுத்துகிறார். இன்பம், அதிகாரம், பிரபுக்களின் துணை ஆகியவற்றைக் காட்டிய மூவரையும் அவர் எளிதில் விலக்குகிறார். இரத்தசாட்சியின் புகழை விரும்பி உயிர்விடுமாறு தூண்டும் நான்காமவனே அவரை நடுங்கச் செய்கிறான். ஏனெனில் அவன் காட்டுவது அவருடைய உள்ளத்திலேயே உறைந்த ஆசை. தீச்செயலை விலக்குதல் பலர்க்கும் கூடும். நற்செயலைப் புகழுக்காகச் செய்யாதிருத்தலே அரிது. கற்றோர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே வினவவேண்டிய வினா இதுவாம்.