வரி வசூல் சித்திரவதையை வெளியே கொண்டுவந்தவர்: யார் இந்த லட்சுமிநரசு செட்டி?

இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கீழப்பழுவூர், 1850-களில் சென்னை மாகாணத்தின் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. அந்த மாகாணத்தில் நிலவரி கட்ட முடியாத விவசாயிக்கு என்ன நடந்தது தெரியுமா? விரல்களை மரக் கிட்டியில் வைத்து நசுக்குவார்கள். 'அண்ணாந்தாள்' என்ற பெயரில் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, குனிந்தபடியே நிறுத்துவார்கள்.

இந்த விஷயத்தை லண்டன் வரை கொண்டுபோனவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. 1806-ல் சென்னையில் பிறந்த வியாபாரி. 1844-ல் 'கிரசன்ட்' பத்திரிகை, 1852-ல் சென்னைவாசிகள் சங்கம் தொடங்கி, நாடாளுமன்றத்துக்கே மனு அனுப்பினார். 1853-ல் பிரிட்டிஷ் எம்.பி. டான்பி சீமோர் வந்தபோது, ஊர் ஊராகக் கூட்டிட்டுப் போய் நிலைமையைக் காட்டினார்.

ரிசல்ட்? 1854-ல் விசாரணை ஆணையம் அமைந்தது. சித்திரவதை நடப்பது உண்மைதான் என 1855-ல் அறிக்கை வந்தது. 1859-ல் வரி வசூலில் இருந்து போலீஸ் தனித் துறையாகப் பிரிந்தது.

1863-ல் மாகாண சட்டசபை உறுப்பினரானார். பொதுவேலைக்கே பணத்தைக் கரைத்தவர், 1868-ல் இறந்தபோது வறுமையில் இருந்தார்.