பாஷோவின் மூட்டை

ஜப்பானின் யமகதா மலைகளைக் கையைக் கடிக்காத செலவில் சுற்றிவரலாம் என்று கிளம்பினேன். ஈஸ்ட் ஹாம் வீட்டில் முதுகுப்பையைத் தராசில் வைத்தால் 14 கிலோ. அதில் அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியும் ஊறுகாயும் மட்டும் 2 கிலோ. வெளியே எடுத்தேன், மனசு கேட்காமல் திரும்ப வைத்தேன். அப்போதுதான் பாஷோ ஞாபகம் வந்தார்.

1916இல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியதிலிருந்து அந்தக் குறுங்கவிதை நமக்கு அறிமுகம். ஹைக்கூ இல்லாத கல்லூரி ஆண்டு மலர் உண்டா? ஆனால் பாஷோவின் கால்களைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

1644இல் இகா மாகாணத்தில் எளிய சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் பிரபு வீட்டுப் பிள்ளை யோஷிதாதாவிடம் பணிக்குச் சேர்ந்தார். எஜமானும் பணியாளுமாகச் சேர்ந்தே கவிதை பயின்றார்கள். 1666இல் யோஷிதாதா இளம் வயதிலேயே இறந்துபோனார். 1672இல் பாஷோ எடோ நகருக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, வந்தார். கவிதையோடு சில வருடம் நகரக் குடிநீர்க் கால்வாய் வேலையும் பார்த்தார். (நம்மைப் போலத்தான், வயிற்றுக்கு ஒரு வேலை.) பிறகு ஆற்றோரக் குடிசைக்குப் போனார். சீடர் ஒருவர் அங்கே வாழை நட்டார். பாஷோ என்றால் வாழை. 1682இல் குடிசை தீயில் போயிற்று. மறு வருடம் தாயும் போனார்.

1689 வசந்தத்தில், 45 வயதில், நோய்ப்பட்ட உடம்போடு, வீட்டையும் விட்டுவிட்டுச் சீடர் சோராவுடன் வடக்கே நடந்தார். ஏறக்குறைய 5 மாதம், 2400 கிலோமீட்டர். வெறும் உடம்போடு போவதாகத்தான் எண்ணம். இரவுக் குளிருக்குக் காகித அங்கி, மழைக்கோட்டு, மையும் தூரிகையும் என்று மூட்டை சேர்ந்துவிட்டது. போதாததற்கு நண்பர்கள் தந்த வழியனுப்புப் பரிசுகள். அவற்றை எறிய மனம் வரவில்லை. பயணத்தின் முதல் வேதனையாக அவர் எழுதியது அந்தத் தோள்வலியைத்தான்.

தங்கிய இடங்களும் அப்படித்தான். ஓரிடத்தில் கூரை ஒழுகியது, பூச்சிக்கடியில் பழைய நோய் கிளம்பியது. இன்னோரிடத்தில் மழையால் 3 நாள் தெள்ளு, பேன், குதிரை மூத்திரத்தோடு அடைந்து கிடந்தார். அப்புறம் 1984 மீட்டர் உயர கஸ்ஸான் மலை. மேகத்துக்குள் பனிமேல் மூச்சிரைக்க ஏறி, உச்சியில் மூங்கில் இலைகளைப் பரப்பிப் படுத்தார். நான் எட்டாம் நிலை வரை பஸ்ஸில் போனவன். அதற்கே மூச்சு வாங்கியது. மேலே உட்கார்ந்து பொடியைப் பிசைந்தபோது 2 கிலோவைப் பற்றிப் புகார் இல்லை.

அடுத்த யுதோனோ மலையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது யாத்ரிகர் மரபு. அவரும் எழுதவில்லை.

சோராவின் நாட்குறிப்பு 1943இல் அச்சேறியபோது குருவின் தேதிகள் சில ஒத்துவரவில்லை. சிலருக்கு அது அதிர்ச்சி. எனக்கு இல்லை. சோரா எழுதியது லாக் ஃபைல். பாஷோ அந்தச் சிறு நூலை வருடக்கணக்கில் செதுக்கினார். அது 1702இல்தான் அச்சில் வந்தது.

அதை அவர் பார்க்கவில்லை. 1694இல் மறுபடி கிளம்பியவர், ஒசாகாவில் வயிற்று நோயில் 50 வயதில் இறந்தார். சீடர்கள் உடலைப் படகில் ஏற்றி, அவர் விரும்பியபடியே ஓட்ஸுவின் கிச்சூஜி கோயிலில் அடக்கம் செய்தார்கள்.