ஷூல்ட்ஸே டெலிட்ஷ் சரித்திரம்

கைத்தொழில் செய்வானுக்கும் சிறுகடை வைப்பானுக்கும் முதற்கண் வேண்டற்பாலது கைம்முதல். அஃதில்லையேல், தொழிற்றிறம் எத்துணை வாய்ந்தவனாயினும் பிறன்கீழ்க் கூலிக்கு நிற்க வேண்டியவனே யாவன். அம்முதலைத் தருவார் யார்? ஈடு கேட்கும் பெருவங்கியோ, ஈடின்றிக் கொடுத்து வட்டியால் உறிஞ்சும் வட்டிக்கடையோ, அரசாங்கமோ? இவ்வினாவிற்கு விடைகாண வாழ்நாள் முழுதும் உழைத்தவர் ஜெர்மனி தேயத்து ஹெர்மான் ஷூல்ட்ஸே என்பார். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவும் கடையும் பட்டறையும் பற்றி வாழ்வனவாதலின் அவர் வரலாற்றை ஈண்டு எழுதலாயினேன்.

அவர் 1808-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள் டெலிட்ஷ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் அப்பொழுது சாக்ஸனியைச் சார்ந்திருந்தது. 1815-இல் பிரஷியா அரசரது ஆட்சிக்குட்பட்டது. லைப்ஸிக்கிலும் ஹாலேயிலும் சட்டங் கற்று, 1841-இல் தம் ஊரிலேயே நீதிபதியாயினார். 1846-இலும் அடுத்த ஆண்டிலும் விளைவு பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, ஊராரைக் கூட்டித் தானியம் வாங்கி, மாவரைத்து, ரொட்டி சுட்டு ஏழைகட்கு வழங்கினார். பசித்தார்க்கு உணவளித்தல் ஒரு நாட் பசியைத் தீர்க்குமேயன்றி, அவரைப் பசிக்கு ஆளாக்கிய நிலையை மாற்றாது என்பதை அவர் அப்பொழுதே கண்டிருத்தல் வேண்டுமென்பது என் கருத்து.

1848-இல் பிரஷியாவின் தேசிய சபைக்கு அவர் தெரிந்தெடுக்கப்பட்டார். ஷூல்ட்ஸே என்னும் பெயருடையார் அச்சபையிற் பலர் இருந்தமையின், வேறுபாடு தோன்ற ஊர்ப்பெயரும் சேர்த்து ஷூல்ட்ஸே டெலிட்ஷ் என வழங்கப்பெற்றார். நம் சங்கப் புலவர் பலர் ஊர்ப்பெயரை முன்னே பெற்றாற்போல இவர் பின்னே பெற்றார். தொழிலாளர் நிலையை ஆராய்ந்த குழுவிற்கு அவர் தலைவராயிருந்தார். இயந்திரச் சாலைகள் பெருகப் பெருக, தச்சரும் செருப்புத் தைப்போரும் நலிந்து வருதலை அங்கு நாடு முழுதிலுமிருந்து வந்த விண்ணப்பங்களிற் கண்டார். அச்சபை கலைக்கப்பட்டபின், வரி மறுக்கத் தூண்டினாரென்று அவர்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1850-இல் விடுதலை பெற்றார். ஆயினும் தொலைவிலுள்ள போஸன் மாகாணத்திற்கு மாற்றப்படவே, 1851-இல் உத்தியோகத்தை விட்டொழித்து ஊர் திரும்பினார்.

அதற்கு முன்னரே அவர் தொழிலைத் தொடங்கிவிட்டனர். செருப்புத் தைப்போன் ஒருவன் தனித்து நின்று தோல் வாங்கும்பொழுது, கடனுக்கு வாங்குதலால் இழிந்த சரக்கையும் உயர்ந்த விலைக்குப் பெறுவன். பலர் கூடி மொத்தமாக வாங்கினால் அவ்விழப்பு இல்லை. இது கருதி 1849-இல் டெலிட்ஷிலுள்ள தச்சர்க்கும் செருப்புத் தைப்போர்க்கும் மூலப்பொருள் வாங்கும் சங்கங்கள் அமைத்தார். 1850-இல் கடன் கொடுக்கும் சங்கம் ஒன்றையும் நிறுவினார்.

இச்சங்கம் தொடக்கத்திற் செல்வர் அளித்த பொருளையும் சார்ந்து நின்றது. தருமப் பொருளுக்குள்ள குற்றம் இதற்கும் இருந்தது. கொடுப்போர் கை சுருங்கினாற் பெறுவோர் தொழிலும் சுருங்கும். அண்மையிலுள்ள ஐலன்பர்க்கில் பெர்ன்ஹார்டி என்னும் மருத்துவர் நடத்திய சங்கமோ, உறுப்பினர் எல்லாரும் ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்கும் முறையில் ஓங்கிற்று. அதனைக் கண்ட ஷூல்ட்ஸே 1852-இல் தம் சங்கத்தை அம்முறைக்கே மாற்றினார். தாம் முதலிற் கண்டதே சரியென்று சாதியாத அப்பெற்றி பெரிதும் போற்றத்தக்கது.

அம்முறை வருமாறு: உறுப்பினன் ஒவ்வொருவனும் சிறு தவணைகளாகப் பணங் கட்டித் தன் பங்கை நிரப்புவன். அப்பங்குகளும் சேமிப்புப் பணமும் வெளியாரிடம் வாங்கிய கடனும் சேர்ந்தது சங்கத்தின் முதல். கடன் பெரும்பாலும் மூன்று மாதத் தவணைக்கே தரப்படும். கடைக்காரன் சரக்கை விற்றுப் பணமாக்கும் காலம் அஃதன்றோ? நிலமோ நகையோ ஈடில்லாதவன் மற்றோர் ஆளின் பிணையிற் பெறலாம். சங்கம் கடன்படின் உறுப்பினர் அனைவரும் தம் முழு உடைமையாலும் பொறுப்பாவர். இதனாலேயே வெளியார் நம்பிக் கொடுத்தனர். இதனாலேயே ஒருவன் நாணயங் கெட்டவனென்று தெரிந்தும் அவனுக்குக் கடன் கொடுக்க ஒருவரும் துணியார். பொறுப்பு அச்சந் தருவதுதான். ஒருவன் தவற்றினால் அயலான் வீடு போதலும் கூடும். அவ்வச்சமே கணக்கரைப் போலச் சங்கத்தைக் காத்தது.

சங்கங்கள் பெருகின, 1859-இல் வைமார் நகரில் அவற்றின் மாநாடு கூடிற்று. ஆயினும் ஓரிடர் நின்றது. சட்டத்தின் கண்ணிற் சங்கம் ஓர் ஆளன்று. தன் பெயரால் வழக்குத் தொடுக்கவோ சொத்து வைத்திருக்கவோ இயலாது. ஷூல்ட்ஸே 1861 முதல் பிரஷியச் சட்டசபையில் இருந்து இதற்காகப் போராடினார். அதன் பயனாக 1867-இல் பிரஷியாவிலும், 1868-இல் வட ஜெர்மன் கூட்டரசிலும் ஐக்கிய சங்கச் சட்டம் பிறந்தது. நீதிமன்றத்திற் பதிவு செய்த சங்கம் தன் பெயராலேயே சொத்தும் கடனும் கொள்ளும் உரிமை பெற்றது. அவர் அரசாங்கத்திடம் வேண்டியது இவ்வளவே; பணம் வேண்டினாரல்லர்.

இங்குத்தான் லஸ்ஸால் என்பார் அவரை எதிர்த்தார். பட்டினி கிடக்கும் தொழிலாளி எதனைச் சேமிப்பான், அரசாங்கமே முதல் கொடுத்துத் தொழிலாளர் சங்கங்களை நிறுவுக என்பது அவர் கொள்கை. 1864-இல் லஸ்ஸால் இருவர் சண்டையிற் காயமுற்று இறந்தார், வாதம் இறந்திலது. ஷூல்ட்ஸேயின் முறை ஏற்கெனவே கடையோ பட்டறையோ உடையவனுக்கு உதவியதுபோல, நாட்கூலிக்காரனுக்கு உதவவில்லை என்பதை நடுநிலையாளர் ஒப்புவர். ஆயினும் அரசாங்கப் பணம் வருமிடத்து அரசாங்கக் கட்டளையும் உடன்வரும் என்ற அவர் அச்சம் வீணன்று.

அவர் 1883-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ஆம் நாள் போட்ஸ்டாமில் இறந்தார். 1889-இல் வந்த புதுச் சட்டம் பொறுப்பை ஓரளவிற்கு வரையறுத்துக்கொள்ள இடந்தந்தது. 1895-இல் பிரஷிய அரசாங்கம், அவர் விரும்பாத வழியில், ஐம்பது லட்சம் மார்க் முதலிட்டுச் சங்கங்கட்கெனத் தலைமை வங்கி ஒன்றைத் திறந்தது.

அவ்வாண்டிலேதான் சென்னை அரசாங்கத்தார் ஐரோப்பிய முறைகளை ஆராய ஏவிய பிரெடரிக் நிக்கல்ஸன் தம் அறிக்கையின் முதற்பகுதியை வெளியிட்டார். மறுபகுதி 1897-இல் வந்தது. பின்னர் 1904-இல் இந்தியாவில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அது கிராமச் சங்கங்களையும் நகரச் சங்கங்களையும் வேறு பிரித்து வகுத்தது. ஜெர்மனியிற் குடிகள் முதலிற் செய்து அரசாங்கத்தாரைச் சட்டஞ் செய்வித்தனர். இங்கோ அரசாங்கத்தார் முதலிற் சட்டஞ் செய்து, பதிவாளரை அமர்த்திக் குடிகளை அழைத்தனர். அச்சட்டப்படி பதிவான முதல் நகரச் சங்கம், அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் நம் காஞ்சிபுரத்தில் தோன்றியது.