வலிக்கிற விரல்கள்... 34 வருஷக் காத்திருப்பு!

உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல இன்சுலின் இருக்கா? இல்லைன்னாலும், தினமும் அந்த ஊசி போட்டுக்கிற ஒருத்தரையாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த இன்சுலினோட மூலக்கூறு எப்படி இருக்கும்னு உலகத்துக்குக் காட்டியவர், டோரதி ஹாட்ஜ்கின்.

1910-ல் கெய்ரோவில் பிறந்த பிரிட்டிஷ் பெண். இங்கிலாந்தில் அவர் படிச்ச பள்ளியில வேதியியல் வகுப்பு பையன்களுக்கு மட்டும்தான். அதுல சேர அனுமதி வாங்கின இரண்டு பெண்களில் டோரதியும் ஒருவர்.

எக்ஸ்ரேன்னாலே நமக்கு எலும்பு முறிவுதான் ஞாபகம் வரும். ஆனா, ஒரு படிகத்தின் மேல எக்ஸ்ரேயைப் பாய்ச்சினா, உள்ளே இருக்கிற அணுக்கள்ல பட்டு அது சிதறும். அந்தச் சிதறல் ஃபிலிம்ல புள்ளிகளா பதியும். புள்ளிகளை வெச்சுக் கணக்குப் போட்டு, எந்த அணு எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கணும்.

புரதத்துல மட்டும் இது நடக்கவே இல்லை. படிகம் காய்ஞ்சதும் புள்ளிகள் காணாமப் போயிடும். 1934-ல் கேம்பிரிட்ஜில் டோரதியின் வழிகாட்டி பெர்னால், பெப்சின் படிகத்தை அது வளர்ந்த திரவத்தோடயே வெச்சுப் படமெடுத்தார். புள்ளிகள் பளிச்சுனு விழுந்தன. ஈரம் இருந்தாதான் புரதப் படிகம் ஒழுங்கு குலையாம இருக்கும்னு புரிஞ்சது.

அந்த நாள்ல டோரதி ஆய்வகத்தில் இல்லை. கை வலிக்காக லண்டனில் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். முடக்குவாதம். வயசு 24தான்.

அடுத்த வருஷமே, ஆக்ஸ்ஃபோர்டில் இன்சுலினைப் படமெடுத்தார். ஆனா, அந்தப் புள்ளிகளை அவிழ்க்கத் தேவையான கணக்கைப் போட அன்னிக்கு கம்ப்யூட்டர் கிடையாது. என்ன செஞ்சார் தெரியுமா? முடிஞ்சதை முதல்ல முடிச்சார். 1945-ல் பென்சிலின், 1950-களில் வைட்டமின் பி12 ரெண்டோட கட்டமைப்பையும் கண்டுபிடிச்சார். 1964-ல் வேதியியல் நோபல் பரிசு, அதுவும் தனியாளாக!

இதுக்கு நடுவுல மூணு குழந்தைகளையும் வளர்த்தார். விரல்கள் கோணிப்போய், எக்ஸ்ரே கருவியின் சுவிட்சைப் போட முடியாதபோது, அதுக்கு ஒரு நீளமான நெம்புகோல் பொருத்தச் சொல்லி வேலையைத் தொடர்ந்தார்.

கம்ப்யூட்டர்கள் வளர்ந்தன. இன்சுலின் மறுபடியும் மேஜைக்கு வந்தது. 1969-ல், தன் குழுவோடு அதன் கட்டமைப்பைக் கண்டுபிடிச்சபோது டோரதிக்கு 59 வயசு. முதல் படம் எடுத்து 34 வருஷம் ஆகியிருந்தது.

1994-ல் மறைந்தார். அதுக்கு முந்தின வருஷம்கூட, சக்கர நாற்காலியில் பெய்ஜிங் வரைக்கும் போய் படிகவியல் மாநாட்டில் கலந்துக்கிட்டார்.

பாதியில நிக்கிற வேலை உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கும்தானே? தள்ளி வைக்கிறது வேற, கைவிடுறது வேற. டோரதி தள்ளி மட்டும்தான் வெச்சார்!